ஆறுதலா மூச்சு விடுங்கோ

2015 நவம்பரில் டொராண்டோவில் வந்து இறங்கியபோது, பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருந்தேன். அதில் குச்சி குச்சியாக ஒன்பது உருவங்கள். எத்தனை முறை செய்ய வேண்டும், எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பக்கத்திலேயே பென்சில் குறிப்பு. சென்னை மந்தைவெளியில் என் யோகா டீச்சர் எனக்கென்று வரைந்து கொடுத்தது.

தரமணியில் ஐ.டி. வேலை பார்த்து, இடுப்பு வலியோடுதான் அவரிடம் போனேன். முதல் நாள் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், அவ்வளவுதான். "கை மேலே போறதுக்குள்ள உனக்கு மூச்சு முடிஞ்சிடுதும்மா" என்றார். யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் கற்றவர் அவர். மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குத் துள்ளலான ஆசனங்களைப் பயிற்றுவித்த கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்து, தேடி வந்தவர்களுக்கு அவரவர் வயதையும் உடம்பையும் பார்த்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்காக ஆசனத்தை மாற்று. என் டீச்சர் இதைச் சொல்லாத நாளே கிடையாது.

டொராண்டோவில் முதலில் ஒரு யோகா ஸ்டூடியோவில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். ஒரு மணி நேரம், இருபது பேர், பின்னணியில் பாட்டு. நான் மூச்சுக்கு நேரம் கொடுத்தேன். வேகம் போதவில்லை என்றார்கள். இரண்டு மாதத்தில் என் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். ரொம்ப வலித்தது. ஆனாலும் நான் சொல்லிக்கொடுத்தது சரிதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்புறம்தான் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முதியவர்களுக்கான புதன்கிழமை வகுப்பு கிடைத்தது. அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்து அம்மாக்கள். தமிழ்தானே, கவலையில்லை என்று நினைத்துப் போனேன். "நாரி நோகுது பிள்ளை" என்றார் ஒருவர். எனக்குப் புரியவில்லை. அவர் கீழ்முதுகைத் தொட்டுக் காட்டினார். நாற்காலி அங்கே கதிரை. "மெதுவாக மூச்சை விடுங்கள்" என்று நான் சொன்னதும் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அப்போது முன்வரிசை அம்மா திரும்பி, காது கேளாத தன் தோழியிடம் உரக்கச் சொன்னார்: "ஆறுதலா விடட்டாம்!"

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. அவர்களுக்கோ அவசரப்படாமல், நிதானமாக என்று அர்த்தம். மூச்சை எப்படி விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அன்று முதல் என் வகுப்பில் அந்தச் சொல்தான்.

இன்னொன்றையும் அவர்களிடம்தான் கண்டுகொண்டேன். பனி உறைந்த நடைபாதையில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், தோளை உயர்த்தி, முழங்காலை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டேதான் எல்லோரும் நடக்கிறார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். ஜனவரி முழுக்க அந்தத் தோளும் முழங்காலும் இளகுவதே இல்லை. அதனால் குளிர்காலத்தில் வகுப்பை விரல்களில் தொடங்குகிறேன். கோட்டும் பூட்ஸும் கழற்றி, கை சூடேறிய பிறகு, கதிரையின் முதுகைப் பிடித்து நின்று, மூச்சை விட்டுக்கொண்டே குதிகாலை உயர்த்துவோம். இழுக்கும்போது இறக்குவோம். ஆறு முறை. சிலருக்கு நான்கே போதும்.

வீட்டில் செய்வதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தாள் வரைந்து கொடுக்கிறேன். பென்சில் கோடு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தடித்த கறுப்பு மார்க்கரில். குச்சி உருவத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கதிரையும் உண்டு. போன வாரம் முன்வரிசை அம்மா தன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"எனக்குக் கொண்டை இருக்குதெல்லே, அதையும் கீறிவிடு பிள்ளை."

ஒன்பது உருவங்களுக்கும் கொண்டை போட்டுக் கொடுத்தேன்.