அப்பத்தாவின் கண்ணாடி

அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த காலத்தில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதெல்லாம் வசதியானவர்களுக்குத்தான். அவருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் எல்லாமே பெரிதாக, பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டுவார். டம்ளருக்கு முன்னாலேயே விரல்கள் மூடிக்கொள்ளும்.

இன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. 1978-இல் அமெரிக்காவில் உருவான சேவா அறக்கட்டளை அதற்கு நெடுநாள் கூட்டாளி. முதலில் வெளிநாட்டிலிருந்து லென்ஸ்கள் நன்கொடையாக வந்தன. நல்ல மனசுதான். ஆனால் அத்தனை பேருக்கும் எப்படிப் போதும்? விலைக்கு வாங்கலாம் என்றால் ஒன்று 100 டாலர் அளவுக்கு இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லென்ஸை அனுப்பிக்கொண்டே இருக்காமல், அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையே இங்கே கொண்டுவந்தார்கள். சேவாவைச் சேர்ந்த டேவிட் கிரீன் துணை நிற்க, 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கியது. விலை 10 டாலர் பக்கம் இறங்கிவிட்டது. இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் நண்பர்களே, வெளிநாட்டு உதவி வரும்போது பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, இதைச் செய்யக் கற்றுத்தருவீர்களா என்றும் கேளுங்கள்.

போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். கண்ணுக்குள் இருப்பது மதுரையில் செய்த லென்ஸ். மறுநாள் காலை, டம்ளரை ஒரே எட்டில் எடுத்துவிட்டார்.