மழைக்கு முன்பே மருந்து: வேளச்சேரியில் நாங்கள் செய்த ஏற்பாடு

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முகாமுக்கு மருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இரண்டு தெரு தள்ளி, மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவருக்கு மட்டும் இன்சுலின் போய்ச் சேரவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்த மூட்டைகளைப் பிரித்தால் பாதிக்குப் பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள். காலாவதித் தேதி அச்சடித்த துண்டு யார் வீட்டிலோ இருக்கும், மாத்திரை எங்களிடம் இருக்கும். சில அட்டைகளில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். அதை நம்பி யாருக்குக் கொடுப்பது? ஒதுக்கிக் கட்டி வைக்கவே ஆட்கள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் அதற்கும் மேலே போய், பிரித்த அட்டையை வாங்குவதே இல்லை என்று முடிவெடுத்தோம். பணமாகக் கொடுங்கள், தேவையானதை வாங்கிக்கொள்கிறோம் என்றோம். சிலருக்கு மனவருத்தம்தான்.

சரி, தேவை என்ன என்று எப்படித் தெரியும்? செப்டம்பரிலேயே வீடு வீடாகப் போய் எழுதினோம். 2021-இல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபின் இது எளிதானது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் அந்தத் திட்டப் பெண்களுக்குத் தெருவில் யாருக்கு என்ன என்பது அத்துபடி. கம்பெனிப் பெயரை எழுதாமல் மெட்பார்மின் 500, அம்லோடிபின் 5 என்று மருந்தின் பெயரையே எழுதினோம்; எந்தக் கம்பெனி கிடைத்தாலும் கொடுக்கலாம். கூடவே எந்த மாடி, வாசலுக்கு என்ன அடையாளம் என்பதும். எல்லாம் காகிதத்தில்தான், ஏனென்றால் வெள்ளத்தில் செல்போன் டவர்தான் முதலில் படுக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பெயர் சிவப்பில். அவர்களுக்குப் படகில் கொண்டுபோய்க் கொடுக்க எதுவும் இல்லை. கனமழை எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பிரசவ தேதி நெருங்கியவர்களுக்கும் இதேதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இருப்பு முழுவதும் ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் மாடியில் இருந்தது. கரண்ட் இல்லை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும், ஆனால் உறைந்தால் கெட்டுப்போகும். அதனால் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி, அதற்கும் இன்சுலினுக்கும் நடுவில் காகித அட்டை வைத்துத்தான் பெட்டியில் அடுக்கினோம். மருந்தை எடுத்துக் கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் எப்போதும் இருந்தார்.

படகு வாசலில் நின்றதும் மாடியிலிருந்து கயிற்றில் பக்கெட் இறங்கும். பெயரும் மாடி எண்ணும் எழுதிய ஜிப் கவரை அதில் போடுவோம். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த தொண்டர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது ஆகாது.

வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பட்டியலை வருடாவருடம் புதிதாகவே எழுதுகிறோம். உங்கள் தெருவில் தொடங்குவதானால் செப்டம்பரை விடாதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வீடு வீடாக ஏறி இறங்க நேரம் கிடைக்காது.