கர்சர் துள்ளல், இரட்டை கிளிக்: ஒரு வயர்லெஸ் மவுஸைச் சரிசெய்த விதம்

மவுஸில் கோளாறு என்றதும் டிரைவர் மென்பொருளை அழித்து ஏற்றுவது, அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே மறுபடி போடுவது என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், அதே மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பார்க்க வேண்டும். கோளாறு கூடவே வந்தால் அது மவுஸில். வராவிட்டால் கணினியிலோ, இரண்டுக்கும் நடுவிலோ.

இந்த வயர்லெஸ் மவுஸில் புகார் இரண்டு. நகர்த்தும்போது கர்சர் விட்டுவிட்டுத் துள்ளுகிறது. ஒருமுறை கிளிக் செய்தாலே ஃபோல்டர் திறந்துகொள்கிறது. வேறு லேப்டாப்பில் போட்டதும் துள்ளல் நின்றது, இரட்டை கிளிக் மட்டும் தொடர்ந்தது. ஆக, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள்.

முதலில் துள்ளல். மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி ரிசீவர் செருகியிருந்தது நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில், பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அதில் ஃபைல் காப்பி ஆகும்போதுதான் துள்ளல் மோசமாகிறது. இதுதான் துப்பு. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது கேபிளிலும் கனெக்டரிலும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. மவுஸும் ரிசீவரும் பேசிக்கொள்வது அதே அலைவரிசையில். இன்டெல் 2012இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தப் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரை மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இங்கே கேபிள்தான் கைகொடுத்தது.

கொஞ்ச நேரம் சும்மா விட்டு எடுக்கும்போது கர்சர் அசையாமல் நின்று பிறகு ஓடுகிறது என்றால் அது வேறு விஷயம். மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் போர்ட்டைத் தூங்கவைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப், அதில் பவர் மேனேஜ்மென்ட் டேப், அங்கே கணினி இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். கர்சரே வேலை செய்யாதபோது விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் தட்டினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். மற்றதை டேப் கீயாலும் அம்புக்குறிகளாலும் முடித்துவிடலாம்.

சென்சார் குழிக்குள் ஒரு முடி, கீழே கண்ணாடி மேசை, தீர்ந்துபோன பேட்டரி: இவற்றைப் பார்க்க நிமிடம்கூட ஆகாது. லேப்டாப்பில் மவுஸைக் கழற்றிய பிறகும் கர்சர் தானாக ஓடினால் டச்பேடைச் சந்தேகிக்க வேண்டும். சார்ஜர் மாட்டினால் மட்டும் ஓடுகிறதா? சார்ஜரை மாற்றிப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, அழுத்தினால் இறங்காமலோ இருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது கர்சரை மறந்துவிட்டு லேப்டாப்பை அணைத்து சர்வீஸுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இனி இரட்டை கிளிக். பட்டனை அழுத்திப் பிடித்தபடி டெஸ்க்டாப்பில் பெரிய கட்டம் இழுத்துப் பார்த்தேன். கை எடுக்காமலே கட்டம் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கியது. இது செட்டிங்ஸில் தீராது. பட்டனுக்கு அடியிலுள்ள மைக்ரோ ஸ்விட்சில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று போய்த் தொடும். தொடும் கணத்தில் சற்றே துள்ளும். சில மில்லி நொடித் துள்ளலை மவுஸின் மென்பொருள் கண்டுகொள்ளாது. தகடு தளர்ந்தோ, தொடுமுனை கறுத்தோ போனால் துள்ளல் நீண்டு, ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிவாகும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் ஸ்விட்சை மாற்றுவதே வேலை.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். மேல்மூடியை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே ரிப்பன் கேபிள் அறுந்துவிடும். பல மவுஸ்களில் இருப்பது 12.8 மி.மீ. நீளமும் 5.8 மி.மீ. அகலமும் உள்ள மூன்று கால் ஸ்விட்ச். ஓம்ரான் நிறுவனத்தின் டி2எஃப் வகை இந்த அளவுதான். மவுஸில் இருப்பது உலோகத் தகட்டுக்குப் பதில் ஒளியால் இயங்கும் ஆப்டிகல் ஸ்விட்ச் என்றால் இது பொருந்தாது. ஸ்விட்சின் கால்களைப் போர்டில் பற்றவைத்திருக்கும் பழைய ஈயத்தின் மேல் சால்டரிங் அயர்னால் கொஞ்சம் புது ஈயம் விட்டு உருக்கினால் கால்கள் சுலபமாக விடும். அப்படியே பிடுங்கினால் போர்டின் செப்புத் தடமும் சேர்ந்து உரிந்து வரும். அழுத்தும் குமிழ் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. புது ஸ்விட்ச் கிடைக்காவிட்டால், இரண்டும் ஒரே வகையாக இருக்கும்பட்சத்தில் வலது பட்டன் ஸ்விட்சை இடதுக்கு மாற்றிப் போடலாம். அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது.

மூடியதும் பட்டைகளை ஒட்டிவிட வேண்டாம். முதலில் அந்தக் கட்டம் இழுக்கும் சோதனையை மறுபடி செய்து, அறுபடாமல் வந்த பிறகு ஒட்டுங்கள். பசை ஒருமுறைக்கு மேல் உரித்தால் பிடிக்காது.