ஒரே சாக்கில் இரண்டு இனம்

மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அருவிக்கோ மாஞ்சோலை குளிருக்கோ போவார்கள். எங்கள் கூட்டம் சல்லடையும் துணிப்பையுமாகச் சருகு அள்ளப் போகும். கூட வரும் வாட்சர் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "புலி இருக்கிற காட்டுல வந்து குப்பையைச் சலிக்கியளே, சார்?" அந்தக் குப்பைக்குள் இருக்கும் குட்டை இறக்கை வண்டுகளை இனம் பிரிப்பதுதான் என் வேலை.

ஸ்டாஃபிலினிடே என்ற இந்தக் குடும்பத்தில் இதுவரை 60,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் இறக்கை அரைக்கைச் சட்டை மாதிரி பாதியில் நின்றுவிடும். வயிறு வெளியே தெரியும். பறக்கிற இறக்கை அந்தக் குட்டை மூடிக்குள் மடிந்து கிடக்கும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தக்காரனை நன்றாகத் தெரியும். வயல்காட்டுப் பக்கம் ராத்திரி விளக்குக்கு வரும், ஆரஞ்சு உடம்பும் நீல இறக்கையுமாக இருக்கும் பீடரஸ்தான் அது. கடிக்காது. கழுத்தில் ஊரும்போது நசுக்கிவிட்டால், அதன் ரத்தத்தில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு பட்டுத் தோல் வெந்து கொப்புளம் போடும். அந்த நஞ்சைத் தயாரிப்பதுகூட வண்டு இல்லை, அதற்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. நெற்பயிரில் தத்துப்பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிற பிராணி, ஆஸ்பத்திரி வாசலில் கெட்ட பேர் வாங்குகிறது.

காட்டில் சலித்த சருகைக் கீழே கொண்டுவந்து, வலைப்பையில் போட்டு, ஒரு துணிக்கூண்டுக்குள் தொங்கவிடுவோம். சருகு காயக் காய, ஈரம் தேடி இறங்கும் பூச்சிகள் அடியில் இருக்கும் ஆல்கஹால் குப்பியில் விழும். அதுவரைக்கும் எல்லாம் சுலபம். அட்டைக்கடியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எந்தப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த எந்தக் கூட்டம் என்று சொல்வதும் பழகினால் வந்துவிடும். ஓடைக்கரையில் பிடித்த ஸ்டீனஸைத் தலையளவு கண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். கீழுதட்டை நீட்டி, அதன் நுனியில் இருக்கும் பசையால் இரையை ஒட்டி இழுக்கும் வண்டு இது. தண்ணீரில் விழுந்தால் வால்முனையிலிருந்து ஒரு திரவத்தை விட்டு, மேற்பரப்பிலேயே வழுக்கித் தப்பிவிடும். இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் வேலை ஓடாது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரே நீளம், ஒரே கறுப்பு, புள்ளிக்குழிகளும் ஒரே மாதிரி. அப்படிப்பட்ட நெருங்கிய இனங்களை வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆண் வண்டை ஊறவைத்து, வயிற்றின் நுனியைத் திறந்து, இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதையைக் கரைத்து, கிளிசரின் சொட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் நுனி வளைவு, பக்கக் கிளைகள், உட்பையில் இருக்கும் முட்கள், இவைதான் முக்கியமான சாட்சி. அதையும் ஒரே கோணத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலே நேரான நுனி கொக்கியாகத் தெரியும். புது இனம் கிடைத்துவிட்டதாக மனசு துள்ளும்.

பழைய நூல்கள் இந்த இடத்தில் பாதி வழிதான் துணைக்கு வரும். இந்தியாவின் இந்த வண்டுகளைப் பற்றி மால்கம் கேமரூன் எழுதிய நான்கு தொகுதிகள் 1930 முதல் 1939 வரை வெளிவந்தன. இன்றும் அதைத் திறக்காமல் வேலை தொடங்காது. ஆனால் அவருடைய விவரணைகள் பெரும்பாலும் வெளித்தோற்றம் பற்றியவை. கடைசியில் மூல மாதிரியை, அதாவது அவர் எந்த வண்டைப் பார்த்துப் பெயர் வைத்தாரோ அதே வண்டை, யாராவது திறந்து பார்த்தால்தான் பேச்சு முடியும்.

சரி, உறுப்பில் வித்தியாசம் தெரிகிறது. அது இரண்டு இனமா, ஒரே இனத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் மாறுதலா? மலையில் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடுவார்கள். சருகில் வாழும் மலை இனங்கள் பலவற்றுக்குப் பறக்கும் இறக்கை தேய்ந்து போயிருக்கும். ஒரு உச்சியில் இருப்பது அடுத்த உச்சிக்குப் போகாது. அதனால் மலைக்கு மலை இனம் மாறும் என்ற எண்ணம் முன்கூட்டியே நம் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே அகத்தியமலைப் பக்கம் கொஞ்சம் வேறாக ஒன்று கிடைத்தால், உடனே புதுப் பெயர் தயார்.

எனக்கு அதில் முழு நம்பிக்கை வருவதில்லை. இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் காட்டில் சலித்தால் இடைப்பட்ட வடிவம் கிடைக்கலாம். மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் கக்காச்சியில் ஒரே மரத்தடியில் அள்ளிய ஒரே சாக்குச் சருகில் இரண்டு வடிவ ஆண்கள் வந்து, நடுத்தரமாக ஒன்றுகூட இல்லை என்றால், அதுதான் என்னைப் பொறுத்தவரை வலுவான ஆதாரம். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் இரண்டும் கலக்கவில்லை என்று அர்த்தம். தூரத்து மலைகளின் வித்தியாசம் வெறும் தூரத்தால் வந்ததாகவும் இருக்கலாம். இதைச் சொன்னால் கட்டுரை எழுதும் அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. ஒரு மலைக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போவது எளிது. நடுக்காட்டுக்கு அனுமதி வாங்கி மறுபடி போவது கஷ்டம்.

பெண் வண்டுகள் விஷயம் இன்னும் மோசம். சில பேரினங்களில், பெண் விந்தைச் சேமித்து வைக்கும் விந்துப்பையின் வடிவம் கைகொடுக்கும். பலவற்றில் அதுவும் இல்லை. ஒரு சிறு டிஎன்ஏ துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காணும் டிஎன்ஏ பார்கோடு வந்த பிறகு, ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. அதற்குப் பூச்சியை முதலிலேயே 95 சதவீத ஆல்கஹாலில் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பெண், இனம் பிரிக்கப்படவில்லை' என்று எழுதிக் குப்பியை மூடிவிடுவேன். ஆணோடு சேர்ந்து வந்தது என்பதற்காக அதே பெயரை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே சாக்கில் இரண்டு இனம் இருக்கலாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்.

இப்போது புதிதாக வரும் மாணவர்களிடம் நான் சண்டை போடுவது லேபிளுக்காகத்தான். வெறுமனே 'மாஞ்சோலை' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். நாலுமுக்கும் மாஞ்சோலை, குதிரைவெட்டியும் மாஞ்சோலை என்றால், எந்த வண்டு எந்தக் காட்டிலிருந்து வந்தது? இரண்டு ஓடைக்கரைச் சருகை இடம் மிச்சம் என்று ஒரே பையில் கொட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பையிலிருந்து எத்தனை அழகான ஆண் வண்டு வந்தாலும், கலக்காமல் சேர்ந்து வாழ்ந்தது என்று அதை வைத்து வாதாட முடியாது. அது சாட்சியாக நிற்காத வேறு பெட்டிக்குப் போய்விடும்.