எதிர்பார்ப்பு என்ற ஒரு சொல்லும் நான்கு ஆங்கில வினைகளும்: நோட்டின் நான்காவது வாரம்

காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போகும் பஸ்ஸில், ஆங்கில வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்ச் சேதியை வைத்தே ஐந்து வாக்கியம் எழுதுகிறேன். இந்த வாரம் 'வெயிட்', 'எக்ஸ்பெக்ட்'.

'வெயிட்' திங்கட்கிழமையே வசப்பட்டுவிட்டது. அதன்பின் 'ஃபார்' வர வேண்டும். 'அவெயிட்' என்றால் 'ஃபார்' தேவையில்லை. அது கடிதங்களுக்கு ஏற்ற சொல்.

'எக்ஸ்பெக்ட்'தான் பிடிபடவில்லை. போன மாதம் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தை 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று முடித்திருந்தேன். 'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்ற பணிவுதான் என் மனத்தில் இருந்தது. நகலைப் படித்த அக்கா, "பதில் போட்டே ஆக வேண்டும் என்று அதட்டுவது போல இருக்கிறதே தம்பி" என்றாள். உண்மைதான். அங்கே 'லுக் ஃபார்வர்ட் டு' வந்திருக்க வேண்டும். அதையடுத்து 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'.

பாபநாசம் அணையை வைத்து எழுதியபோதுதான் தெளிந்தது. அணையின் முழு உயரம் 143 அடி. ஜூனில் மலையில் மழை பிடித்து நீர்மட்டம் மளமளவென்று ஏறினால், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்று நம்பக் காரணம் இருக்கிறது; அது 'எக்ஸ்பெக்ட்'. வானம் வெளுத்துக் கிடக்கும்போதும் திறந்துவிட மாட்டார்களா என்று ஏங்குவது 'ஹோப்'. எப்படியும் திறப்பார்கள் என்று அப்பா முன்கூட்டியே வாய்க்காலைச் செதுக்கி, நாற்றங்காலை உழுது வைக்கிறாரே, அது 'ஆன்டிசிபேட்'. திறந்த தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வந்து சேராமல், மண்வெட்டியை மடியில் கிடத்தி இரவெல்லாம் வரப்பில் உட்கார்ந்திருப்பது 'வெயிட்'. முதல் மூன்றையும் எங்கள் வீட்டில் எதிர்பார்ப்பு என்றே சொல்லிவிடுவோம். என் விண்ணப்பம் தடுமாறியது அதனால்தான்.

அகராதியில் வேரைத் தேடியபோது மனம் நிறைந்தது. 'எக்ஸ்பெக்ட்' லத்தீனில் வெளியே நோக்குவது. நம் எதிர்பார்ப்பிலும் பார்வை இருக்கிறது. 'வெயிட்' பழைய பிரெஞ்சில் காவல் பார்ப்பது; காத்திருப்பிலும் காவல். வரப்பில் அப்பா செய்வது இரண்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது வாக்கியம் மதினியைப் பற்றியது. அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். 'ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்' என்று எழுதினேன். பின்னால் வேறு சொல்லே தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் 'ஹோப்', 'விஷ்'.