பாடம் ஆங்கிலத்தில், முடிவு ஜெர்மனில்

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இப்போது முதலிடத்தில் இருக்கிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 49,000. அவர்களில் பெரும்பகுதியினர் பொறியியல் படிப்புக்காக வந்தவர்கள். ஆங்கிலவழிப் பாடத்திட்டங்களை நம்பி வந்தவர்களும் நிறையப் பேர். சென்னையிலும் கோவையிலும் உள்ள கல்வி ஆலோசனை நிலையங்களில் "ஆங்கிலம் போதும், ஜெர்மன் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்த வாக்கியம் பொய்யில்லை. விரிவுரையைக் கேட்பதற்கும், தேர்வு எழுதுவதற்கும், ஆய்வேட்டை முடிப்பதற்கும் ஆங்கிலம் உண்மையிலேயே போதும். குழுவாகச் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிக்க மட்டும் அது போதாது. சாக்சனி மாநிலத்தில் படித்த காலத்தில் நான் கண்ட அந்தப் போதாமையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

குழுத் திட்டப்பணிக்கு அங்கே இருக்கும் எடையை முதலில் சொல்ல வேண்டும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு மொத்தம் 120 மதிப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு வழக்கமாக 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அப்படியானால் பத்துப் புள்ளித் திட்டப்பணி ஒவ்வொரு மாணவரிடமும் 300 மணி நேரத்தை எதிர்பார்க்கிறது. அதைவிட முக்கியமானது, குழுவாகச் செய்த வேலையில் எவருடைய பங்கு எது என்பது தனியே பிரித்து மதிப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று தேர்வு விதிகள் சொல்வதாகும். அறிக்கையின் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே அதை எழுதியவரின் பெயர் இருக்கும். வாய்மொழித் தேர்வில் அந்தப் பெயருக்குரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒருவரோ இருவரோ இரவெல்லாம் விழித்துச் செய்து முடிக்க நால்வரின் பெயரும் அட்டையில் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்த ஏற்பாடு முதலில் கடுமையாகத் தோன்றும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் தன் பங்குக்குத் தானே பொறுப்பு என்றால், அந்தப் பங்கு எப்படி, எந்தக் காரணத்தால் முடிவுசெய்யப்பட்டது என்பது தனக்குப் புரிந்திருக்க வேண்டும். மொழி குறுக்கே நிற்பது அங்கேதான்.

எங்கள் குழுவில் இரண்டு ஜெர்மானியர்கள், ஒரு சீனர், ஓர் ஈரானியர், நான் என ஐந்து பேர். ஒரு சிறிய மின்மோட்டாருக்கான சோதனை மேடையை வடிவமைத்து, சுமையேற்றும்போது அதன் முறுக்குவிசையையும் வெப்பநிலையையும் அளந்து பதிவுசெய்வது எங்கள் பணி. கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் தொடங்கும். பேச்சு எளிதாக இருக்கும்வரை ஆங்கிலத்திலேயே நடக்கும். உணரியை (சென்சாரை) அச்சின் எந்தப் பக்கம் பொருத்துவது, அதிர்வைத் தாங்கும் இணைப்பு எது என்பதுபோல ஏதேனும் ஒரு முடிச்சு வந்ததும், ஜெர்மானியர் இருவரும் தங்களை அறியாமல் தங்கள் மொழிக்கு மாறிவிடுவார்கள். விரைவாகப் பேசிக்கொள்வார்கள், தாளில் கோடு கிழிப்பார்கள், தலையசைப்பார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சரி, இடப்பக்கம் வைக்கிறோம்" என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் முடிப்பார்கள்.

இதில் அவமதிப்பு எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடினமான ஒன்றை யோசிக்கும்போது மனம் தாய்மொழியைத் தேடிப் போவது இயற்கை. மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் அருகில் ஒடியா நண்பர் ஒருவர் நின்றிருக்க, நாங்கள் தமிழர்கள் வாடகைக் கணக்கைத் தமிழிலேயே பேசி முடித்ததும் இதே இயற்கைதான். ஆனால் அந்த ஒற்றை வரியில் முடிவு மட்டும்தான் வந்து சேருகிறது. வலப்பக்கம் ஏன் கைவிடப்பட்டது, வேறு எந்த வழியெல்லாம் பேசப்பட்டது, எந்த ஐயம் இன்னும் தீராமல் இருக்கிறது என்பவை அந்த ஐந்து நிமிட ஜெர்மனுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்பதோ பெரும்பாலும் "ஏன் மற்ற வழியை எடுக்கவில்லை?" என்பதைத்தான்.

இந்த இடைவெளியை எங்கள் மௌனம் இன்னும் அகலமாக்கியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல் என்றுதான் நாம் வளர்க்கப்படுகிறோம். முழுதாகத் தெரியாத ஒன்றைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது அடக்கம் என்றும் எண்ணுகிறோம். சீன நண்பரும் அதே போன்ற பள்ளியிலிருந்து வந்தவர். நாங்கள் இருவரும் அமைதியாக இருந்ததை, ஒப்புதல் என்று ஜெர்மானிய நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்கள் கழிந்ததும் ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் கருத்து சொல்லும் முறையோ நேர் எதிரானது. "இந்தக் கணக்கு தவறு" என்று முகத்துக்கு நேரே, எந்த முன்னுரையும் இல்லாமல் சொல்வார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அதே நபரோடு உணவகத்துக்குச் சிரித்துக்கொண்டே போவார்கள். குறை கணக்குக்குச் சொல்லப்பட்டது, ஆளுக்குச் சொல்லப்படவில்லை என்பது அறிவுக்கு எளிதில் எட்டிவிடும். மனத்துக்கு எட்ட நாளாகும். அந்த நேர்மையைப் பிறகு நான் மிகவும் மதிக்கத் தொடங்கினேன். மறைத்துச் சொல்லும் குறையைக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரம் அங்கே யாருக்கும் வீணாவதில்லை.

மொழிச் சிக்கல் என்றால் இலக்கணமும் உச்சரிப்பும் என்றுதான் நினைக்கிறோம். எங்கள் குழுவில் அதிக நேரத்தைத் தின்றது எண்கள். ஜெர்மனில் 54 என்பதை "நான்கும் ஐம்பதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். ஒருவர் அளவியைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் எழுதும் வேலையில், ஜெர்மன் அரைகுறையாகத் தெரிந்தவர் முதலில் கேட்ட 4ஐ முதலில் எழுதிவிட்டால், 54 தாளில் 45 ஆகிவிடும். இரண்டும் நடக்கக்கூடிய வெப்பநிலைகள் என்பதால் பார்த்ததும் பிழை தெரியாது. இரண்டையும் மூன்றையும் குறிக்கும் சொற்கள் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஜெர்மானியர்களே தொலைபேசியிலும் பட்டறையிலும் இரண்டை "ட்ஸ்வை" என்று சொல்லாமல் "ட்ஸ்வோ" என்பார்கள். மோட்டார் ஓடும் இடத்தில் அளவுகளை இலக்கம் இலக்கமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நாங்கள் வகுத்துக்கொண்ட விதி, எங்கள் பணியின் மிகப் பயனுள்ள விதிகளில் ஒன்று.

தசமக் குறி அதைவிடப் பெரிய தொல்லை. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். ஆயிரங்களைப் பிரிக்க நாம் காற்புள்ளி இடும் இடத்தில் அவர்கள் புள்ளி இடுவார்கள். ஜெர்மன் அமைப்பிலுள்ள கணினியில் 1,250 என்றால் ஒன்றேகால். நம் கணினியில் அதுவே ஆயிரத்து இருநூற்றைம்பது. ஜெர்மன் எக்செலில் 3.5 என்று தட்டினால் அது மே 3ஆம் தேதியாக மாறிவிடும். ஜெர்மன் கணினிகளில் சிஎஸ்வி கோப்பின் (தரவு அட்டவணையை வெறும் எழுத்துகளாகச் சேமிக்கும் கோப்பு) நெடுவரிசைகளைப் பிரிப்பதும் காற்புள்ளியன்று, அரைப்புள்ளி. ஐந்து பேரின் மடிக்கணினிகள் மூன்று விதமான அமைப்பில் இருந்ததால், ஒரே அளவீட்டுக் கோப்பு கைமாறிக் கைமாறி வரும்போது முறுக்குவிசை மதிப்புகள் ஆயிரம் மடங்கு பெருகி நின்றன. இவ்வளவு பெரிய மாற்றம் என்றால் கண்ணில் பட்டுவிடும். சில வரிசைகள் மட்டும் தேதிகளாக மாறி வரைபடத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. மூலக் கோப்பை யாரும் எக்செலில் திறந்து சேமிக்கக் கூடாது, பைத்தான் நிரலில்தான் வாசிக்க வேண்டும், அந்த நிரலில் தசமக் குறி எது, பிரிப்புக் குறி எது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே தரவு நிலைத்தது. பன்னாட்டுக் குழுவில் சேரும் எவரும் முதல் வாரத்திலேயே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

கூட்டங்களின் போக்கை மாற்றியவர் ஈரானிய நண்பர். எங்களைவிட அதிக காலம் அங்கே இருந்தவர், ஜெர்மன் நன்றாகப் பேசுவார். ஒரு நாள் அவர், "நீங்கள் ஜெர்மனில் பேசுங்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் இவர்கள் இருவருடைய மூளை இந்த அறையில் இருந்தும் நமக்குப் பயன்படவில்லை" என்றார். அங்கிருந்து சில ஏற்பாடுகள் பிறந்தன. ஜெர்மனுக்குத் தடை இல்லை, ஆனால் பேசி முடித்ததும் முடிவோடு காரணத்தையும், கைவிட்ட வழியையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பை முறைவைத்து ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது முந்தைய நாள் மாலையே எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றாவது ஏற்பாடுதான் எனக்கும் சீன நண்பருக்கும் வாயைத் திறந்துவிட்டது என்பேன். அந்நிய மொழியில் உடனுக்குடன் வாதாட இயலாதவர்கள்கூட, ஓர் இரவு கிடைத்தால் தெளிவான கருத்தோடு வந்துவிடுவார்கள். உணரியின் கம்பியை மின்வழங்கிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் அளவில் இரைச்சல் ஏறும் என்று, கூட்டங்களில் பேசாமலே இருந்த சீன நண்பர் மறுநாள் காலை வரைந்துகொண்டு வந்து காட்டியதை மறக்க முடியாது. காரணத்தோடு எழுதிய குறிப்பு ஜெர்மானியர்களுக்கும் உதவியது. காய்ச்சலால் ஒரு கூட்டத்துக்கு வராதவர் அதைப் படித்துவிட்டு நேராக வேலையைத் தொடர்ந்தார்.

ஆனாலும் எந்த ஏற்பாட்டாலும் ஈடுசெய்ய முடியாத ஓர் இடம் இருந்தது. பட்டறை. எங்கள் உலோகப் பாகங்களைக் கடைந்து தந்த பட்டறைப் பொறுப்பாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் சாக்சனி கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கே பள்ளிகளில் கட்டாயமாகக் கற்ற முதல் அந்நிய மொழி ரஷ்யன். ஆகவே அவருக்கு ஆங்கிலம் வராது. அவரிடம் இருந்த அறிவோ எந்தப் பாடநூலிலும் கிடைக்காதது: இந்த அலுமினியத்தில் இவ்வளவு மெல்லிய சுவர் நிற்காது, இந்தத் துளையை இப்படிப் போட்டால் பிறகு திருகாணியைச் சுழற்றக் கை நுழையாது என்று வரைபடத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். ஜெர்மானிய நண்பர்கள் மட்டுமே அவரிடம் போய்வந்ததால், அவ்வளவும் அவர்கள் வழியாக, பாதியாகச் சுருங்கித்தான் எங்களுக்கு வந்தது. என் ஜெர்மன் பி1 நிலையை (ஏ1, ஏ2 நிலைகளுக்கு அடுத்த மூன்றாம் படி) எட்டிய பிறகு நானும் தனியே போகத் தொடங்கினேன். அவருடைய சாக்சன் வட்டார வழக்கு வகுப்பில் கேட்ட ஜெர்மனிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. ஆயினும் புரியாததை மீண்டும் கேட்டால், சலிக்காமல் தாளில் வரைந்து காட்டுவார். மொழியைக் கற்க முயல்பவரிடம் அங்குள்ள மூத்தவர்கள் காட்டும் பொறுமை பெரிது.

தமிழர்களுக்கு ஜெர்மன் கற்பதில் ஒரு சிறு வசதியும் உண்டு. அதன் துணைவாக்கியங்களில் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைத் திணறடிக்கும் அந்த நீண்ட காத்திருப்பு நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமானது. பெயர்ச்சொல்லின் பால், அதையொட்டி மாறும் சுட்டு ஆகியவைதான் நம்மைப் பாடுபடுத்தும். பட்டறையில் அவற்றைத் தவறாகச் சொன்னாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்று நம்மவர்களே நான்கு பேர் சேர்ந்து குழு அமைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் குளிர்காலத்தில், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், தமிழில் பேச ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நானும் அறிவேன். ஆனால் எல்லாத் திட்டப்பணிகளையும் அப்படியே முடிப்பவர்கள், பட்டறைக்கும் பகுதிநேர வேலைக்கான நேர்காணலுக்கும் போகும்போது, குழுவில் தவிர்த்த அதே சிக்கலைத் தனியாக நின்று சந்திக்கிறார்கள். நண்பர்களோடு சேர்ந்து வாழுங்கள், சமையுங்கள். குறைந்தது ஒரு திட்டப்பணியையாவது அந்நியர்களோடு செய்யுங்கள் என்றுதான் என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

அவர்கள் அடுத்துக் கேட்பது எப்போது ஜெர்மன் படிக்கத் தொடங்குவது என்பதைத்தான். விண்ணப்பம் அனுப்பும் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். ஜெர்மன் கற்பிக்கும் நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனிலோ உங்கள் ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கும் இடத்திலோ சேர்ந்து, விமானம் ஏறும் முன் ஏ2வையாவது முடித்துவிட்டால், போனபின் பல்கலைக்கழக மொழி மையத்தில் நேராக பி1 வகுப்பில் சேரலாம். ஏ1இலிருந்து அங்கே போய்த் தொடங்குபவர்களுக்கு முதல் பருவத்தின் ஆய்வகமும் மொழி வகுப்பும் ஒரே மாலையில் மோதும். அப்போது பெரும்பாலானவர்கள் கைவிடுவது மொழி வகுப்பைத்தான்.