நன்றி நோட்டு: எழுதிப் பார்த்ததில் கிடைத்தவை

நாளுக்கு நாள் நன்றி எழுதும் இந்த நோட்டு, பைபிளின் சங்கீதம் 136-இலிருந்து பிறந்தது. அதில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். வானங்கள், சூரியன், சந்திரன், எகிப்திலிருந்து விடுதலை, சிவந்த சமுத்திரம், முறியடிக்கப்பட்ட ராஜாக்கள் என்று பெரிய காரியங்களாகவே வந்துகொண்டிருக்கும். 25-ஆம் வசனத்துக்கு வந்தால், உயிருள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுப்பதைப் பற்றிப் பேசும். சமுத்திரம் பிளந்ததற்கும் தட்டில் விழும் சாப்பாட்டுக்கும் ஒரே பல்லவி! அப்படியானால் என்னுடைய சாதாரண நாளிலும் அந்தப் பல்லவி பொருந்தும் இடங்கள் இருக்கத்தானே வேண்டும்? அவற்றைத் தேடிப் பார்க்கலாம் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் இரவுதோறும் எழுதத் தொடங்கினேன்.

முதல் பக்கங்களில் குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று வந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் எந்தத் தேதிக்குக் கீழேயும் எழுதக்கூடிய வரிகள் அவை. ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இன்று நடந்ததாக இருக்க வேண்டும், கண்ணாலோ காதாலோ கையாலோ நான் அறிந்ததாக இருக்க வேண்டும். நோட்டின் போக்கையே மாற்றியது இந்த விதிதான்.

ஒரு நாள் மாலை அம்மா ஊசியையும் நூலையும் நீட்டி, "கோர்த்துக் கொடுப்பா, காது தெரியமாட்டேன் என்கிறது" என்றார். நூல் நுனி பிரிந்து இரண்டாக நின்றது. நாவில் ஈரப்படுத்தி, விரல்களுக்கு நடுவே முறுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஊசியைப் பிடித்தேன். நூல் ஒரு முறை வழுக்கி விலகியது, பிறகு நுழைந்தது. அம்மா வாங்கிக்கொண்டு, பார்க்காமலே விரல் நுனியில் உருட்டி முடிச்சுப் போட்டார். மடியில் இருந்தது என்னுடைய சட்டை. பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை, அவர் கவனித்திருக்கிறார். அன்று இரவு எழுதியது: "ஊசியின் காது தெரிகிற கண்ணுக்கு ஸ்தோத்திரம். கண் மங்கிய பிறகும் என் சட்டையை எடுத்துப் பார்க்கிற கைக்கு ஸ்தோத்திரம்." இதை எழுதிய பிறகு, பொத்தான் மாட்டும்போதெல்லாம் ஒரு கணம் விரல் நிற்கிறது.

அடுத்த திருப்பம் லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. இயேசுவின் வார்த்தையால் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள். ஒருவன் மட்டும், அதுவும் யூதர்கள் அந்நியனாக எண்ணிய ஒரு சமாரியன், திரும்பி வருகிறான். தான் ஆரோக்கியமானதைக் கண்டான், உரத்த சத்தமாய்த் தேவனை மகிமைப்படுத்தினான், வந்து இயேசுவின் பாதத்தருகே விழுந்தான் என்று லூக்கா ஒவ்வொரு அசைவையும் சொல்கிறார். மற்ற ஒன்பது பேரும் வழிநெடுக மகிழ்ந்துகொண்டேதான் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தோல் சுத்தமானவனுக்கு மகிழ்ச்சி வராமலா இருக்கும்? ஆனால் கொடுத்தவரிடம் அந்த மகிழ்ச்சி போய்ச் சேரவில்லை. அதன் பிறகு என் ஒவ்வொரு வரியும் "ஆண்டவரே" என்று தொடங்குகிறது. எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசிக்கிறேன். பட்டியல் ஜெபமாக மாறியது அப்போதுதான். விசுவாசம் என்று நான் பெரிதாக எண்ணி வைத்திருந்தது, ஒருவரிடம் திரும்பிப் பேசுகிற எளிய காரியமாக எனக்கு நெருங்கி வந்தது.

இரவு வரை காத்திருக்காமல், பகலிலேயே, நடக்கும்போதே நன்றி சொல்லிப் பார்க்க ஆசை வந்தது. இதில் எனக்கு வழிகாட்டி லாரன்ஸ் சகோதரர். 1640-இல் பாரிஸில் இருந்த கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் சமையலறையில் வேலை செய்தவர். அந்த வேலை இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத ஒன்று. இருந்தும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவில், முழங்காலில் நிற்கும்போது இருப்பதைப் போலவே தேவனோடு இருக்கப் பழகினார். எனக்கும் பாத்திரம் கழுவுவது பிடிக்காது. அதையே தேர்ந்தெடுத்தேன். குழாயின் முதல் தண்ணீர் கையில் படும்போது தண்ணீருக்காக ஒரு வார்த்தை. பிறகு தட்டுகள். ஒவ்வொரு தட்டையும் தேய்க்கும்போது அதில் சாப்பிட்டவரின் பெயரைச் சொல்லி, அவர் இன்று உண்ண முடிந்ததற்காக நன்றி. அடிப்பிடித்த சட்டிக்கு நேரம் அதிகம் எடுக்கும். அன்று யார் மனத்தாங்கலோடு எழுந்து போனார்களோ அவர்களுக்கு அந்த நேரம். வேலை இப்போதும் பிடித்துவிடவில்லை. ஆனால் அந்த இடத்தைத் தவறவிட மனம் வருவதில்லை.

எல்லா வாரமும் இப்படி ஓடவில்லை. வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை மிகவும் மோசமாகி, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாட்களில் நோட்டைத் திறந்தால் கை ஓடாது. அப்போது கைகொடுத்தது ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரம். அத்திமரம் துளிர்விடவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, ஒலிவமரத்தில் பலன் இல்லை, வயலில் விளைச்சல் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. இல்லாதவற்றை இப்படி ஒன்று விடாமல் சொன்ன பிறகே, கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. ஸ்தோத்திரம் சொல்வதற்காகத் துக்கத்தை மறைக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்புறம் இல்லாதவை: தூக்கம் இல்லை, தெளிவான பதில் இல்லை, தைரியம் இல்லை. வலப்புறம் ஒரே வரி: "ஆண்டவரே, அந்த நர்ஸ் நாடி பார்ப்பதற்கு முன் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாரே, அதற்காக." இந்த நோட்டில் நான் அதிகமாகத் திருப்பிப் பார்க்கும் பக்கம் இதுதான்.

இரவு ஜெபத்தின் வரிசையும் மாறியிருக்கிறது. முன்பு பாவ அறிக்கையில் தொடங்குவேன். இயேசு சபையை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் வகுத்த, நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆய்வு ஜெபத்தில், பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான் முதல் படி. தன்னை ஆராய்வது அதற்குப் பிறகு. செய்து பார்த்தால் காரணம் விளங்குகிறது. எவ்வளவு பெற்றிருக்கிறேன் என்று பார்த்த பிறகு, எங்கே கடுமையாக நடந்துகொண்டேன் என்பது தானாகத் தெரிகிறது. அதைச் சொல்லவும் பயம் இருப்பதில்லை.

இப்போது சுவிசேஷங்களில் இயேசு எங்கெல்லாம் நன்றி சொன்னார் என்று குறித்து வருகிறேன். ஐந்து அப்பங்களைக் கையில் எடுத்தபோது சொன்னார். ஐயாயிரம் பேர் அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்புவதற்கு முன், அவன் கல்லறையருகே, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். லாசரு அப்போது இன்னும் உள்ளேதான் இருந்தான். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். நான் இதுவரை எழுதியதெல்லாம் நடந்து முடிந்தவற்றுக்கு. ஆகவே நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பு, இனி வரப்போகிற நாளுக்காக ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன். இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறேன்.